நோய் இயங்குமுறை குறித்த இளநிலைப் பாடத்திட்டம்: ஆலோசனை தேவை

வணக்கம். நோய்கள் உடலில் எவ்வாறு உருவாகின்றன என்பதையே மையமாகக் கொண்ட மூன்றாண்டு இளநிலை அறிவியல் பட்டப்படிப்புக்கு எங்கள் குழு பாடத்திட்டம் வகுத்து வருகிறது. மருத்துவம் பயில்வோருக்கானது அன்று. ஆய்வகத்துக்குச் செல்ல விரும்புவோருக்கானது.

பாடங்களை உறுப்பு வாரியாகப் பிரிப்பதா, அழற்சி, உயிரணு இறப்பு, மரபணுப் பிறழ்வு என்று இயங்குமுறை வாரியாகப் பிரிப்பதா என்பதில்தான் இழுபறி. நான் இரண்டாவதன் பக்கம். எடுத்துக்காட்டாக, அரிவாள் அணுச் சோகை என்ற பரம்பரை இரத்த நோயில், ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலியில் 6-ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வாலின் (valine) என்ற மற்றோர் அமினோ அமிலம் அமர்வதால், ஆக்சிஜன் குறையும்போது அப்புரதம் இழை இழையாகக் கோத்துக்கொண்டு, சிவப்பணுவை வளைத்து, நுண்குழாய்களை அடைக்கிறது. 1949-இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் குழுவினர் மூலக்கூறு நோய் என்று விவரித்த இந்த ஒன்றைக் கொண்டே வேதியியல், மரபியல், உடலியங்கியல் மூன்றையும் தொடர்ச்சியாகக் கற்பித்துவிடலாம். ஆனால் நீரிழிவு போன்றவை பல தாள்களில் சிதறிவிடும் என்று சக ஆசிரியர்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியவில்லை.

இத்தகைய படிப்பை நடத்திய அனுபவமுள்ளவர்கள், எந்தப் பிரிப்பு மாணவர்களுக்குப் பிடிபட்டது என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். நோயாளிகளின் மாதிரிகளைக் கையாள அனுமதி இல்லாத சூழலில், ஈஸ்ட், பழ ஈ ஆகியவற்றைக் கொண்டு முதலாண்டிலேயே செய்யத்தக்க ஆய்வகப் பயிற்சிகள் எவை? நோயெதிர்ப்பியலுக்கு முன்பே புள்ளியியலை வைப்பது (என் விருப்பம் அதுவே) மாணவர்களைச் சோர்வடையச் செய்யுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.