டைமிங் மார்க் ஓரிடத்தில் நிற்கவில்லை. 3,600 ஆர்பிஎம்முக்கு மேல் எஞ்சின் ஏறவும் இல்லை

நீரோட்டம்:
படகில் இருப்பது ஜிஎம் 5.7 லிட்டர் வி8 இன்போர்டு (படகுக்குள்ளேயே வைத்த எஞ்சின்), கார்புரேட்டர், பாயின்ட் (திறந்து மூடிப் பொறியை எழுப்பும் முனை) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடுவது). ஐடிலில் டைமிங் லைட் அடித்தால் மார்க் (பிளக்கில் பொறி எப்போது எழுகிறது என்று காட்டும் கோடு) 6 டிகிரிக்கும் 12 டிகிரிக்கும் நடுவே ஆடுகிறது. 3,000 ஆர்பிஎம்மில்கூட 18 டிகிரியைத் தாண்டவில்லை. லோடு ஏறும்போது கார்புரேட்டர் வழியாக 'படபட'வென்று வெடிக்கிறது. முழு திராட்டில் கொடுத்தாலும் 3,600தான். பிளக், கேப், ரோட்டார், ஒயர் எல்லாம் புதுசு. பெட்ரோல் ஃபில்டரும் மாற்றியாச்சு. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இன்னும் 10 டிகிரி கூட்டிவிடலாமா?

சுழலி:
தயவுசெய்து கூட்டாதீர்கள். 18-லேயே நிற்கிறது என்றால் உள்ளே அட்வான்ஸ் வெயிட் (வேகம் ஏற ஏறப் பொறியை முன்கூட்டியே எழவைக்கும் எடை) துருப்பிடித்துச் சிக்கியிருக்கலாம். இப்போது 10 டிகிரி கூட்டி வைத்து, பிறகு ஒருநாள் வெயிட் விடுபட்டால் மொத்தம் 40-ஐத் தொடும். படகு எஞ்சினுக்குக் காரைப் போல இறக்கத்தில் ஓய்வு கிடையாது. எப்போதும் மேடேறும் லாரிதான் அது. அந்த லோடில் நாக்கிங் (சிலிண்டரில் கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்தால் எஞ்சின் சத்தத்தில் காதில் விழாது. பிஸ்டன் தலை உருகிய பிறகுதான் தெரியும்.

உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு: மார்க் ஆடுவது ஒன்று, அட்வான்ஸ் வராதது இன்னொன்று.

ஆட்டத்தை முதலில் பாருங்கள். பாயின்ட் இடைவெளி 0.40 மி.மீ., ட்வெல் (பாயின்ட் மூடியிருக்கும் கோணம்) 28 முதல் 32 டிகிரிக்குள் இருக்கணும். ட்வெல் மீட்டரை மாட்டி ஐடிலிலிருந்து 1,800 வரை ஏற்றுங்கள். எண் 3 டிகிரிக்கு மேல் அலைந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் புஷ் தேய்ந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு எந்த டைமிங்கும் நிற்காது.

அது சரியாக இருந்தால் டைமிங் செயின். கேப்பைக் கழற்றி, கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு ஒரு பக்கம் திருப்பி, ரோட்டார் அசையும்வரை வாருங்கள். பிறகு மெதுவாக எதிர்ப்பக்கம். ரோட்டார் மறுபடி அசையத் தொடங்குமுன் கிராங்க் 8 டிகிரிக்கு மேல் சும்மா திரும்பினால் செயின் தளர்ந்துவிட்டது.

அட்வான்ஸுக்கு எளிய சோதனை: ரோட்டாரைக் கையால் அது சுற்றும் திசையிலேயே (இந்த எஞ்சினில் மேலிருந்து பார்த்தால் கடிகாரத் திசை) முறுக்கிவிட்டு விடுங்கள். ஸ்பிரிங் இழுத்து 'டக்'கென்று திரும்பணும். சோம்பலாக வந்தாலோ அசையவே இல்லையென்றாலோ சிக்கல் அங்கேதான்.

ஆழ்கடல்:
சுழலி சொன்னது எல்லாம் சரி. ஆனால் அதற்கும் முன்னால், மார்க் உண்மை பேசுகிறதா என்று பாருங்கள். பாலன்சரின் (கிராங்க் முன்முனையில் மார்க் உள்ள சக்கரம்) வெளி வளையம் ரப்பரில் ஒட்டியது. ரப்பர் நைந்து வளையம் நழுவினால், லைட்டில் 10 என்று தெரிவது நிஜத்தில் 2-ஆகவோ 20-ஆகவோ இருக்கும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, எல்லா பிளக்கையும் எடுத்துவிட்டு, 1-ம் சிலிண்டரில் பிஸ்டன் ஸ்டாப் (பிளக் துளையில் மாட்டிப் பிஸ்டனைத் தடுக்கும் கருவி) மாட்டுங்கள். கிராங்கைக் கையால் மட்டும் திருப்புங்கள், ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். பிஸ்டன் முட்டியதும் டைமிங் தகட்டின் பூஜ்யத்துக்கு நேரே பாலன்சரில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் திருப்பி மறுபடி முட்டியதும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்). பழைய மார்க் அங்கே இல்லையென்றால் பாலன்சரை மாற்றணும்.

மேலே மொத்த அட்வான்ஸையும் பார்க்கணும், ஆனால் தகட்டில் 30 டிகிரி வரை அளவு இருக்காது. 8 அங்குல பாலன்சரில் ஒரு டிகிரி 1.77 மி.மீ.; அதாவது 30 டிகிரிக்கு 53 மி.மீ. 6.75 அங்குலம் என்றால் 45 மி.மீ. அளந்து வெள்ளை பெயின்ட் வையுங்கள்.

கார்புரேட்டரில் வெடிப்பதற்கு ஒயர் வரிசையையும் பாருங்கள்: 1-8-4-3-6-5-7-2. இதில் 5-ம் 7-ம் அடுத்தடுத்து எரிபவை, ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. அந்த இரண்டு ஒயரும் ஒட்டிப் போனால் 5-ன் மின்சாரம் 7-க்குத் தாவி, அது சீக்கிரமே எரிந்துவிடும். ஒயர் புதுசாக இருந்தாலும் இது நடக்கும். பிரித்துப் போடுங்கள். இரட்டை எஞ்சின் படகில் எதிர்த்திசையில் சுற்றும் எஞ்சின் என்றால் வரிசையே தலைகீழ்: 1-2-7-5-6-3-4-8.

நீரோட்டம்:
பார்த்துவிட்டேன். டிடிசி சரி. செயின் தளர்ச்சி 4 டிகிரிதான். ட்வெல் 5 டிகிரி அலைகிறது, ரோட்டார் கையில் அசையவே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரே போச்சு என்று நினைக்கிறேன். கார் எஞ்சினுடையது அப்படியே பொருந்துகிறது, அதைப் போடலாமா?

சுழலி:
பொருந்தும், போடக்கூடாது. மரைன் டிஸ்ட்ரிபியூட்டரின் காற்றுத் துளைகளில் உள்ளே எழும் தீ வெளியே வராதபடி வலை இருக்கும். கார் டிஸ்ட்ரிபியூட்டரில் அது இல்லை. பில்ஜில் (படகின் அடிப்பள்ளம்) பெட்ரோல் ஆவி தேங்கியிருந்தால் ஒரு பொறி போதும். அதன் அட்வான்ஸ் வளைவும் வேறு, வேக்கம் அட்வான்ஸும் (எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை நகர்த்துவது) சேர்ந்து வரும். மரைன் வகையே வாங்குங்கள்.

எலெக்ட்ரானிக் வகையாக இருந்தால் பழைய ரெசிஸ்டர் ஒயரிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். பாயின்ட்டுக்காகக் குறைத்த வோல்டேஜ் அதில் வரும், மாட்யூல் தடுமாறும். கையேடு கேட்பது முழு 12 வோல்ட் என்றால் சுவிட்சிலிருந்து தனி ஒயர் இழுங்கள்.

மாட்டியபின் ப்ளோயரை (எஞ்சின் அறை ஆவியை வெளியேற்றும் விசிறி) 4 நிமிடமாவது ஓடவிட்டு, பிறகே டைமிங் லைட் கிளிப்பை பேட்டரியில் வையுங்கள். கூலிங் தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்தால் இம்பெல்லர் (தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரம்) கிழியும். ஐடிலை 650-க்கு இறக்கி அடிப்படை டைமிங் வையுங்கள். 1,000-ல் வைத்தால் அட்வான்ஸ் ஏற்கெனவே தொடங்கியிருக்கும், கணக்கு தப்பும். இந்த எஞ்சினில் பெரும்பாலும் 8 முதல் 10 டிகிரி, மேலே மொத்தம் 28 முதல் 32. உங்கள் மாடலின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. ஐடிலும் மொத்தமும் ஒத்துவராவிட்டால் மொத்தத்தைச் சரியாக வையுங்கள், ஐடிலில் ஒன்றிரண்டு டிகிரி விட்டுக்கொடுக்கலாம். கிளாம்ப் போல்ட்டை இறுக்கியபின் இன்னொரு முறை லைட் அடியுங்கள், இறுக்கும்போதே ஒரு டிகிரி நகர்ந்துவிடும்.