மறு: கீபோர்டு டோன்களோட வால்யூமை ஒண்ணுக்கொண்ணு சரி பண்றதுக்கு ஒரு சொல்

எல்லாருக்கும் வணக்கம், கீபோர்டு மென்பொருளைத் தமிழாக்குறப்ப, ஒரு டோன்லேந்து (பியானோ, ஸ்ட்ரிங்ஸ் மாதிரி கீபோர்டு எழுப்புற வாத்தியக் குரல்) இன்னொண்ணுக்கு மாறுனா சத்தம் எகிறாம, அமுங்காம சரி பண்ற வேலைக்கு என்ன சொல் வைக்கலாம்னு கேட்டிருந்ததுக்கு என் பதில் இது.

> ஒலியளவுச் சமன் போதுமே, எதுக்குப் புதுசா இன்னொண்ணு?

ஐயா, சமன் நல்ல சொல்தான், ஆனா அந்த சீட்ல ஏற்கெனவே ரெண்டு பேரு துண்டு போட்டு வச்சிருக்காங்க. பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசரை சமன்படுத்தின்னு எழுதுறோம், சத்தத்தை இடது வலதுன்னு தள்ளுற பேலன்ஸ் குமிழுக்கும் சமன்னுதான் போட்டிருக்கோம், அதே மெனுவுல மூணாவதா ஒலியளவுச் சமன்னு வந்து நின்னா வாசிக்கிறவன் எதைத் திருகுவான்?

அது கூடப் பரவாயில்ல, பெரிய சிக்கல் முன்னாடி இருக்குற ஒலியளவுலதான். கீபோர்டுல ஒவ்வொரு டோனுக்கும் வால்யூம்னு ஒரு எண் இருக்கு, மிடியில, அதாவது இசைக்கருவிகள் ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்புற முறையில, ஏழாம் நம்பர் கன்ட்ரோலர், 0 லேந்து 127 வரைக்கும். எல்லா டோனையும் 100ல வச்சுட்டா அளவு சமம்தான், காதுக்குத்தான் சமமா இருக்காது. பியானோ டோன் அடிச்ச உடனே உச்சத்துக்குப் போய் தேய ஆரம்பிச்சுடும், ஸ்ட்ரிங்ஸ் கையை எடுக்குற வரைக்கும் அப்படியே நிக்கும், சதுர அலையில செஞ்ச லீடு டோன் (தனியா மெட்டு வாசிக்கிறது) இருக்கே, அது அதே உச்சம் உள்ள சைன் அலையைவிட ஆற்றல்ல 3 டெசிபெல் கூட, போதாக்குறைக்கு அதோட மேற்சுரங்கள்ல (அடிப்படைச் சுரத்தோட சேர்ந்து ஒலிக்கிற உயர் அதிர்வுகள்ல) நிறைய நம்ம காது ரொம்பக் கூர்மையா இருக்குற 2000 - 5000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்து உக்காந்துக்கும். அந்த எண்ணே கூட நேர்கோட்டுல போறதில்ல. ஜெனரல் மிடிங்கிற பொதுத் தரத்தோட பரிந்துரைப்படி 127ஐ 64 ஆக்கினா வீச்சு பாதியாகாது, ஏறக்குறைய 12 டெசிபெல் இறங்கி கால்வாசி ஆகிடும்.

அதனால அளவு வேண்டாம், காதுக்கு எவ்வளவு பலமா கேக்குதுன்னு சொல்ற உரப்பு வரட்டும். பள்ளிக்கூட இயற்பியல்ல படிச்ச சொல்தான், புதுசா யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்ல. ஃப்ரீக்வென்சிக்குத் தமிழ்நாட்டுல அதிர்வெண், இலங்கையில மீடிறன்னு ரெண்டு கரையிலயும் தனித்தனியா நிக்கிற நாம உரப்புல மட்டும் ஒண்ணாத்தான் இருக்கோம்.

> மட்டப்படுத்தல்னு வைக்கலாமா அண்ணே? ஒலிமட்டம்னு புழக்கத்துல இருக்கே

தம்பி, கொத்தனார் ரசமட்டம் வச்சுப் பார்க்குற மட்டம்னா எனக்கும் பிடிக்கும். ஆனா "டோன் மட்டம்"னு திரையில வந்தா கீபோர்டு கம்பெனிக்காரன் சண்டைக்கு வந்துடுவான்.

என் ஓட்டு உரப்பு நிரவல். வினையா வேணும்னா நிரவு. மேட்டை வெட்டிப் பள்ளத்துல போடுறதுதான் நிரவுறது, அரசு பள்ளிக்கூடத்துல பணி நிரவல்னு சொன்னா வாத்தியார்களுக்கு வயித்தைக் கலக்கும்னாலும் பொருள் கச்சிதம்: கூட இருக்குற இடத்துல எடுத்து கொறையா இருக்குற இடத்துக்குக் கொடுக்குறது. இங்கயும் அதேதான், ஒரு டோனை மட்டும் தனியா வச்சுக்கிட்டு நிரவ முடியாது, இன்னொண்ணு பக்கத்துல இருந்தாத்தான் அந்த வேலையே வரும். அதனாலதான் ரேடியோ டிவியில பண்ற நார்மலைசேஷன்லேந்து இது வேறன்னு சொல்றேன், ஐரோப்பாவுல 2010ல வந்த ஆர்128 மாதிரி விதியில -23 எல்யூஎஃப்எஸ்னு (உரப்பை அளக்குற அலகு) ஒரு குறி வச்சு அதுக்கு எல்லா நிகழ்ச்சியையும் கொண்டுவந்துடுவாங்க, கீபோர்டுக்காரனுக்கு அப்படிக் குறி எதுவும் கிடையாது.

> இசை மென்பொருள்ல நிரவல்னா கர்நாடக சங்கீத நிரவலோட குழம்பாதா?

இது நியாயமான கேள்வி. சாகித்யத்துல ஒரு வரியை எடுத்து தாளத்துல அது விழுற இடம் மாறாம விதவிதமா விரிச்சுப் பாடுறது அது. அதனால தனியா நிரவல்னு தலைப்பு வைக்க வேண்டாம், எப்பவும் உரப்பு ஒட்டிக்கிட்டே வரணும். பொத்தான்ல மட்டும் "நிரவு"ன்னு இருந்தாப் போதும், பாட்டுக்காரங்க யாரும் பொத்தானை அமுக்கி நிரவல் பாடப் போறதில்ல.

உதவிப் பக்கத்துல சொல் ஒட்டுதான்னு பார்க்க ஒரு பத்தி எழுதினேன்:

"முதல்ல அதிகம் வாசிக்கிற டோனை, பெரும்பாலும் பியானோ, அடிப்படையா எடுத்துக்கோங்க. நடு சி பக்கத்துல ஒரு கார்டை வழக்கமா மேடையில அடிக்கிற அழுத்தத்துல அடிங்க, உடனே அடுத்த டோனுக்கு மாத்தி அதே கார்டை அடிங்க, எகிறினா எகிறுன டோனைக் குறைங்க, பியானோவை ஏத்தாதீங்க. ஆர்கன் டோன் பெரும்பாலும் விரல் அழுத்தத்தைக் கண்டுக்காது, மெதுவா தொட்டாலும் முழுசா கத்தும், அதனால மெல்லிசா வாசிக்கிற பாட்டை மனசுல வச்சு அதை நிரவுங்க. லேயர் (ரெண்டு டோன் சேர்ந்து ஒலிக்கிறது), ஸ்பிளிட் (கட்டைகளைப் பிரிச்சு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு டோன்) இதுல இருக்குற டோனை அந்த பெர்ஃபார்மன்ஸுக்குள்ளயே, அதாவது அந்தச் சேர்க்கையைச் சேமிச்சு வச்ச இடத்துலயே, நிரவுங்க, மூல டோன்ல கை வச்சா அது இருக்குற மத்த இடமெல்லாம் மாறிடும். பாட்டு நடுவுல ஏத்தி இறக்க எக்ஸ்பிரஷன் பெடல், அதாவது 11ஆம் கன்ட்ரோலர் இருக்கு, நிரவி வச்ச 7ஐத் தொடாதீங்க. முடிச்சதும் சேமிக்க மறக்காதீங்க, இல்லைன்னா டோன் மாத்தினதும் பழையபடி ஆகிடும்."

நிரவுங்க, நிரவி வச்சன்னு வினை தடங்கல் இல்லாம ஓடுது பாருங்க. அந்த இடத்துல "ஒலியளவுச் சமன்செய்யுங்க"ன்னு போட்டுப் படிச்சா மூச்சு வாங்குது.

இன்னொருத்தர் இதெல்லாம் மிக்சர்ல இருக்குறவர் வேலைதானேன்னு கேட்டிருந்தார். அவருக்கு கீபோர்டுலேந்து வர்றது ஒரே ஒரு ஒயரு, ஸ்டீரியோன்னா ரெண்டு. அதுக்குள்ள எந்த டோன் ஓடுதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? திருவிழா கச்சேரியில பாத்திருப்பீங்க, லீடு டோன் திடீர்னு பாடகர் குரலை முழுங்கும், மைக் செட்காரர் பதறிப் போய் ஃபேடரை இறக்குவார், அதுக்குள்ள வாசிக்கிறவர் ஃப்ளூட்டுக்கு மாறியிருப்பார், இப்ப ஃப்ளூட் யாருக்கும் கேக்காது. உள்ள நிரவாததை வெளிய யாராலயும் நிரவ முடியாது.

உதவிப் பக்கத்துல இன்னொரு வரியும் சேர்க்கணும், வீட்ல ஹெட்போன்ல மெதுவா வச்சு நிரவுறவங்களுக்காக. சத்தம் கொறைய கொறைய காது பேஸைத்தான் முதல்ல விட்டுடும், ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933லயே வளைகோடு போட்டுக் காட்டிட்டாங்க. வீட்ல பத்தலன்னு பேஸ் டோனை ஏத்தி வச்சா மேடையில அது இடிக்கும். மேடையில வர்ற சத்தத்துக்குக் கிட்டத்துல வச்சு ஒரு தடவையாவது கேட்டுடணும்.

இப்போதைக்கு தலைப்புக்கு உரப்பு நிரவல், பொத்தானுக்கு நிரவு, எண் இருக்குற இடத்துல பழையபடி ஒலியளவு. இலங்கை நண்பர்கள் நிரவல் உங்க பக்கம் காதுல எப்படி விழுதுன்னு சொல்லுங்க. அப்புறம் கட்டையை எவ்வளவு வேகமா அடிக்கிறோம்னு காட்டுற வெலாசிட்டிக்கு யாரோ "திசைவேகம்"னு மொழிபெயர்த்து வச்சிருக்காங்க, கட்டை கீழதான் போகும், அதுக்கு என்ன திசை? அதைத் தனி இழையில வச்சுக்கலாம்.