இரத்தக்கட்டியை எடுக்குமுன் ஸ்கேன் எதைச் சொல்லும்?

கேள்வி (களுவாஞ்சிக்குடி): பாரிசவாதத்தில் மூளை நாடியை அடைத்த கட்டியைக் குழாய் செலுத்தி எடுக்கும்போது இரத்தக் கசிவு ஏற்படுமா என்பதை முன்கூட்டியே ஸ்கேனில் கணிக்கலாம் என்கிறார்கள். அது எவ்வளவு நம்பத்தக்கது?

பதில் (மட்டக்களப்பு, கதிர்ப்படப் பிரிவு): ஆபத்தை மதிப்பிடலாம், உறுதிகூற முடியாது. சி.ரி. ஸ்கேனில் நடு மூளை நாடி (மூளையின் பக்கவாட்டுக்கு இரத்தம் தரும் முக்கிய நாடி) ஊட்டும் பகுதியை 10 இடங்களாகப் பிரித்து, சேதம் தெரியும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு புள்ளியைக் கழிக்கும் ‘ஆஸ்பெக்ட்ஸ்’ முறையில், புள்ளி குறையக் குறைய, மீண்டும் பாயும் இரத்தம் நலிந்த திசுவில் கசியும் வாய்ப்புக் கூடுகிறது. மூளையின் சாம்பல் பொருளுக்கும் (நரம்புக்கலங்கள் செறிந்த பகுதி) வெண்பொருளுக்கும் (நரம்பு இழைகள் செறிந்த பகுதி) இடையிலான எல்லை மங்குவதே சேதத்தின் தொடக்க அடையாளம். பழகாத கண்ணுக்கு அது எளிதில் தப்பிவிடும்.

பதில் (கல்முனை): நிறமூட்டி ஏற்றி எடுக்கும் படத்தில் கழுத்து நாடியின் வளைவும் தெரியும், வளைவு மிகுந்தால் குழாய் ஏறச் சிரமம். ஆயினும் குறைந்த புள்ளியை மட்டும் வைத்துச் சிகிச்சையை மறுப்பது சரியன்று: 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள், கசிவு கூடினாலும் அத்தகைய நோயாளர் பலருக்கு நன்மை உண்டெனக் காட்டின.

கேள்வி கேட்டவர்: நன்றி. மாமாவின் வைத்தியரிடம் அந்தப் புள்ளியைக் கேட்டுப் பார்க்கிறேன்.