அப்பாவின் புல்லட்: வெள்ளை பூத்துப்போன அலுமினிய கவர்களை என்ன செய்யலாம்?

முத்துநகர்_350:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய 1984 புல்லட் 350, ஒன்பது வருடமாக வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. வீடு தூத்துக்குடியில், கடலுக்கும் எங்களுக்கும் அரை கிலோமீட்டர்கூட இல்லை. போன மாதம் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தால் இடது பக்க செயின் கேஸ் கவர், வலது பக்க டைமிங் கவர், கியர்பாக்ஸ் கவர் மூன்றும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கின்றன. விரலால் தேய்த்தால் வெள்ளை மாவு வருகிறது, அதற்கு அடியில் ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள்.

ஒரு கடையில் காட்டினேன். "இன்ஜினோடு சேர்த்து சாண்ட் பிளாஸ்ட் (காற்றழுத்தத்தில் மணலை ஊதிச் சுத்தம் செய்வது) அடித்து சில்வர் பெயின்ட் போட்டுவிடலாம், இரண்டு நாளில் முடிந்துவிடும்" என்றார்கள். பக்கத்து வீட்டு மாமா காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைக்கச் சொல்கிறார். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த கவரை முகம் தெரிகிற அளவுக்குத் துடைப்பார், நான் பக்கத்தில் துணி பிடித்துக்கொண்டு நிற்பேன். பெயின்ட் அடித்த கவர் எனக்கு வேண்டாம், அந்த உலோகமே திரும்பத் தெரிய வேண்டும். வீட்டிலேயே செய்ய முடியுமா?

பட்டறை_அண்ணாச்சி:
தம்பி, முதலில் காஸ்டிக் சோடாவை மறந்துவிடுங்கள். அது அலுமினியத்தையே தின்னும், தின்னும்போது ஹைட்ரஜன் வாயு நுரைத்துக்கொண்டு வரும், வெளியே எடுக்கும்போது கவர் கறுத்துப்போயிருக்கும். சோடா போட்டுத் தேய்த்த அலுமினியப் பாத்திரம் கறுப்பதை வீட்டில் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்.

அடுத்தது சாண்ட் பிளாஸ்ட். இதை அழுத்தியே சொல்கிறேன், டைமிங் கவரை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். புல்லட்டில் அது வெறும் மூடி கிடையாது. ஆயில் பம்புகள் அதில்தான் உட்கார்ந்திருக்கின்றன, கிராங்குக்கு (பிஸ்டன் சுழற்றுகிற தண்டுக்கு) போகிற ஆயில் வழியும் அதற்குள்ளேதான் ஓடுகிறது. அந்தத் துளைகளில் நாலு மணல் துகள் தங்கினால் போதும், ஆயிலோடு நேராக பிக் எண்டுக்கு, அதாவது பிஸ்டன் ராடு கிராங்கோடு சேருகிற இடத்துக்குப் போய்விடும். பழைய புல்லட்டில் அந்த இடத்தில் இருப்பது மிதக்கும் புஷ் (ஆயில் படலத்தில் தளர்வாகச் சுழலும் உலோக வளையம்), மணலை அது தாங்காது. அப்படி ஊதி வாங்கி வந்த இன்ஜின் சில நூறு கிலோமீட்டரில் தட்ட ஆரம்பித்து என்னிடம் வந்திருக்கிறது, கழற்றிப் பார்த்தால் ஆயில் வழியில் மணல் நறநறவென்று இருந்தது.

வீட்டில் தாராளமாகச் செய்யலாம். செயின் கேஸ் கவரில் ஆரம்பியுங்கள், நடுவில் இருக்கிற ஒரே நட்டைக் கழற்றினால் கவர் கையோடு வந்துவிடும் (அடியில் தட்டு வையுங்கள், ஆயில் கொட்டும்). மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புத் தண்ணீரில் அலசி, நைலான் பிரஷ்ஷால் அந்த வெள்ளை மாவு முழுவதும் போகிறவரை தேய்க்கவும். இரும்புக் கம்பி பிரஷ், இரும்பு நார் இரண்டும் வேண்டாம், அவற்றின் துகள் அலுமினியத்தில் பதிந்து நின்று அப்புறம் துருப்புள்ளியாக எழும்பும். பிறகு வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள், நம்பர் கூடக்கூட நைசாக இருக்கும்). குழி ஆழமான இடத்தில் மட்டும் 220, மற்ற இடமெல்லாம் 400, 600, 1000 என்று போங்கள், தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டுத் தேய்த்தால் தாள் அடைக்காது. ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றித் தேய்க்க வேண்டும், முந்தைய கோடு ஒன்றுகூடத் தெரியாத வரைக்கும் அடுத்த தாளைத் தொடக்கூடாது. பளபளப்பு வரவில்லை என்று சொல்கிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள், பஃபிங் வீல் (பளபளப்பேற்றுகிற சுழலும் துணிச் சக்கரம்) கோட்டை அழிக்காது, கோட்டையே பளபளக்க வைத்துவிடும்.

பழைய_ராஜ்தூத்:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தேய்ப்பதற்கு முன்னால் கவரின் மேல் கிளியர் கோட் (நிறமில்லாத லேக்கர் பூச்சு) இருக்கிறதா என்று பாருங்கள். என் ராஜ்தூத் 350-இன் சைடு கவரை பாலிஷ் போட்டு இரண்டு வாரம் தேய்த்தேன், மஞ்சளாகவே இருந்தது. அழுக்கு லேக்கருக்கு அடியில் இருந்திருக்கிறது. பெயின்ட் ரிமூவர் தடவியதும் தோல் மாதிரி உரிந்து வந்தது, அப்புறம் வேலை ஒரே நாளில் முடிந்தது.

இன்னொன்று, பஃபிங் முடிந்ததும் மறுபடி கிளியர் கோட் அடிக்கச் சொல்வார்கள். கடலோரத்தில் நான் அடிக்கமாட்டேன். ஒரு கல் பட்டு லேசாகப் பெயர்ந்தால் உப்பு ஈரம் அந்த வழியாக உள்ளே புகுந்து, லேக்கருக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி அரித்துக்கொண்டே போகும், மொத்தத்தையும் உரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வெறும் உலோகம் மங்கினால் அரை மணி நேரம் துடைத்தால் சரியாகிவிடும்.

சேலம்_லேத்:
பஃபிங்கைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். அலுமினியத் தூள் தீப்பிடிக்கும், காற்றில் அடர்த்தியாகப் பறந்தால் வெடிக்கவும் செய்யும். இரும்பைச் சாணை பிடிக்கிற அதே மெஷினில், அதே தூள் குவிந்த இடத்தில் அலுமினியத்தைத் தேய்க்காதீர்கள், இரும்பின் பொறி ஒன்று போதும். மாஸ்க், கண்ணாடி கட்டாயம், கையுறை வேண்டாம், வீல் கையுறையைப் பிடித்து இழுத்தால் கையும் சேர்ந்து போகும். கவரை வீலின் மையத்துக்குக் கீழே பிடியுங்கள், ஓரத்தை வீல் சுற்றி வரும் திசைக்கு எதிராகக் காட்டினால் பிடுங்கி எறிந்துவிடும்.

முத்துநகர்_350:
மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். கவர்கள் சரி, கிராங்க்கேஸையும் (கிராங்க் உட்காருகிற இன்ஜினின் அடிப்பெட்டி) இப்படியே பளபளப்பாக்கலாமா? அப்புறம் குழிகள் எல்லாமே போகுமா?

பட்டறை_அண்ணாச்சி:
கிராங்க்கேஸைத் தேய்க்க வேண்டாம். என்ஃபீல்டின் திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோதே அது வார்ப்பின் சொரசொரப்போடுதான் வந்தது, கவர்கள் மட்டும்தான் பாலிஷ். அந்த வித்தியாசம் இருந்தால்தான் அது 1984 வண்டி. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போதும். அதிலும் பிடிவாதமான கறை இருந்தால் இன்ஜினை முழுதாகப் பிரிக்கிற காலத்தில் தண்ணீர் கலந்து ஊதுகிற வேப்பர் பிளாஸ்டிங் செய்யலாம், அப்போதும் ஆயில் வழிகளை அடைத்து, முடிந்ததும் ஒவ்வொரு துளையையும் கழுவிக் காற்றடித்துப் பார்க்க வேண்டும்.

குழி எல்லாம் போகாது. போக்கியே தீருவேன் என்று தேய்த்தால் கவரின் ஓரக் கூர்மை மழுங்கிப்போகும், ஸ்க்ரூ உட்காருகிற விளிம்பு மெலியும். மேலோட்டமானது போகட்டும், ஆழமானதை விட்டுவிடுங்கள்.

முத்துநகர்_350:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். செயின் கேஸ் கவர் முடிந்துவிட்டது. தாளுக்கு மட்டும் நான்கு மாலை, அதில் 400-லேயே இரண்டு நாள் போனது. 1000-க்குப் பிறகு பருத்தி வீலில் பஃபிங் சோப் போட்டுக் காட்டினேன், முதலில் கறுப்பாக வழிந்தது, துணியால் துடைத்ததும் அடியிலிருந்து வெளிச்சம் வந்தது. கொட்டகைக் கதவு அதில் தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், முந்தானையால் ஒருமுறை துடைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்கள்.

கீழ் விளிம்பில் ஐந்து குழிகள் இருக்கின்றன, விட்டுவிட்டேன். மேலே மெழுகு பூசியிருக்கிறேன், லேக்கர் அடிக்கவில்லை. டைமிங் கவரில் இரண்டு ஸ்க்ரூ அசையவே இல்லை, தலை தேய்ந்துவிடுமோ என்று நிறுத்திவிட்டேன்.

பட்டறை_அண்ணாச்சி:
நிறுத்தியது நல்லது. ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள், மறுநாள் இம்பாக்ட் டிரைவரை (அடிக்கிற அடியிலேயே ஸ்க்ரூவைத் திருப்புகிற கருவி) வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். வராவிட்டால் கவரை லேசாகச் சூடாக்குங்கள், அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும், பிடி தளரும். திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு மரையிலும் காப்பர் கிரீஸ் கொஞ்சம் தடவிவிடுங்கள்.