'டயஜெடிக்' ஒலிக்குத் தமிழ்: கதையுலக ஒலி, கதைப்புற ஒலி

அன்புடையீர், வணக்கம்.

திரைப்படத்தில் கதை நடக்கும் உலகத்துக்குள் பிறக்கும் ஒலியை 'டயஜெடிக்' (diegetic) என்றும், அதற்கு வெளியிலிருந்து பார்வையாளருக்கு மட்டும் கேட்பதை 'நான் டயஜெடிக்' (non-diegetic) என்றும் சொல்கிறார்கள். இந்த இணைக்குத் தமிழ்ச் சொல் தேடி நம் குழுமத்தில் வந்த பரிந்துரைகளையெல்லாம் படித்தேன். சொல்லை முடிவுசெய்வதற்கு முன், எதற்காக இந்தச் சொல் வேண்டும் என்பதை ஒரு காட்சியை வைத்துப் பார்த்துவிடலாம்.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955). வெளியூரிலிருந்து திரும்பிய ஹரிஹருக்கு மகள் துர்கா இறந்தது தெரியாது. வாங்கிவந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். துர்காவுக்கென்று வாங்கிய சேலை கைக்கு வந்ததும் மனைவி சர்வஜயா உடைந்துபோகிறாள். அவள் கதறுவது தெரிகிறது, ஆனால் கதறல் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற தந்தி வாத்தியம் உச்சத்தில் வீறிடுகிறது. ஹரிஹரின் காதில் விழுவது மனைவியின் ஓலம். நம் காதில் விழுவது ரவிசங்கரின் இசை. ஒரே கணத்தில் அவருக்கு ஓர் ஒலி, நமக்கு வேறோர் ஒலி. இதை 'பின்னணி இசை உருக்குகிறது' என்று எழுதி முடித்துவிட்டால் ராய் செய்த காரியம் வாசகருக்குப் போய்ச் சேராது. அழுகுரலை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இசையை வைத்தார் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்த இரண்டு கலைச்சொற்கள் தேவைப்படுகின்றன.

'பின்னணி இசை' என்ற வழக்கே போதும் என்று ஒரு மடலில் வாதிட்டிருந்தார்கள். போதாது. ரித்விக் கட்டக்கின் 'மேகே தாகா தாரா'வில் (1960), தான் நம்பியிருந்த காதலன் சனத்தின் வீட்டில் வேறொரு பெண் இருப்பதை உணர்ந்து நீதா மாடிப்படி இறங்குகிறாள். அப்போது சவுக்கைச் சுழற்றி அடிக்கும் ஓசை கேட்கிறது. அந்த வீட்டில் சவுக்கும் இல்லை, அடிப்பவரும் இல்லை. அது இசையும் இல்லை. ஆகவே நமக்கு வேண்டியது இசைக்கான பெயர் அல்ல, ஒலிக்கான பெயர்.

இனிப் பரிந்துரைகள். 'கதைசார் ஒலி, கதைசாரா ஒலி' என்ற இணை பார்வைக்கு ஒழுங்காக இருக்கிறது. ஆனால் கட்டக்கின் சவுக்கடியை விடக் கதையைச் சார்ந்த ஒலி அந்தப் படத்தில் எது? அதைக் 'கதைசாரா ஒலி' என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒலி கதைக்குத் தொடர்புடையதா என்பது நம் கேள்வியே அல்ல. கதை நடக்கும் உலகத்துக்குள் அந்த ஒலிக்குப் பிறப்பிடம் உண்டா என்பதுதான் கேள்வி.

'கதைவெளி ஒலி' என்பதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். விண்வெளி, பெருவெளி என்று பழகியவர் அதைக் கதை நடக்கும் இடத்து ஒலி என்று படிப்பார். வெளியாள், வெளியூர் என்று பழகியவர் கதைக்கு வெளியே உள்ள ஒலி என்று படிப்பார். நேர்மாறான இரண்டு பொருளைத் தரும் சொல் கலைச்சொல்லாக நிற்காது.

'களத்தொலி' செவிக்கு இனிமையானது. அத்துச் சாரியை சேர்த்த விதமும் அழகு. சிக்கல் என்னவென்றால், படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே பதிவுசெய்த ஒலி என்றுதான் திரைத்துறையினர் அதைப் புரிந்துகொள்வார்கள். எதிரிணையாக வந்த 'சேர்ப்பொலி'க்கும் இதே குறைதான். தமிழ்ப் படங்களில் பல பத்தாண்டுகளாக வசனத்தையே பின்னால் டப்பிங் கூடத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். அதனால் நாயகனின் பேச்சு சேர்ப்பொலி ஆகிவிடுமா? ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' (1963) படத்தில் வழக்கமான பின்னணி இசை கிடையாது. பறவைகளின் கூச்சலில் பெரும்பகுதி டிராட்டோனியம் என்ற மின்னணுக் கருவியில் உருவாக்கப்பட்டது. கருவியில் பிறந்தாலும் அந்த ஊர் மக்களுக்கு அது பறவைகளின் கூச்சல்தான். ஒலி எங்கே பதிவானது என்பது வேறு கணக்கு, கதையில் அது எங்கே பிறக்கிறது என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒரு சொல்லில் கலந்துவிட்டால் பின்னால் பிரிக்கவே முடியாது.

'அகவொலி, புறவொலி' பலருக்கும் பிடித்திருக்கிறது, சுருக்கமும் இருக்கிறது. ஆனால் 'அகவொலி' என்றதும் மனத்துக்குள் கேட்கும் குரல் என்றுதான் தமிழ் வாசகர் எடுத்துக்கொள்வார். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் கூத்தில் வரும் சொல்லை உட்சொல், புறச்சொல், ஆகாயச்சொல் என்று வகைப்படுத்துகிறார். நெஞ்சோடு பேசுவது உட்சொல். அந்த மரபையொட்டி, பாத்திரத்தின் மனத்துக்குள் மட்டும் ஒலிப்பதை 'உள்ளொலி' என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் நமக்குத் தேவைப்படும் சொல்தான்.

பாத்திரங்கள் கேட்கும் ஒலி என்ற பொருளில் வந்த 'மாந்தர் கேளொலி' என்ற பரிந்துரை என்னை நிறைய யோசிக்க வைத்தது. செய்யுள் உறுப்புகளை அடுக்கும் தொல்காப்பியம் 'கூற்று' என்பதை அடுத்துக் 'கேட்போர்', 'களன்' என்று வைக்கிறது. தலைவன் சிறைப்புறத்தே (வேலிக்கு அப்பால்) நிற்க, அவன் காதில் விழட்டும் என்று தோழி தலைவியிடம் பேசும் குறுந்தொகைப் பாடல்கள் உண்டு. யார் காதில் விழுகிறது என்பதை இத்தனை நுட்பமாகக் கவனித்த மரபு நம்முடையது; அதன் பக்கம் போனது சரியான திசை. இருந்தும் திரையில் ஓர் இடறல் வருகிறது. யாருமற்ற வீட்டில் குழாய் சொட்டுகிறது. கேட்க ஆளில்லை, ஆனாலும் அந்தச் சொட்டு கதைக்குள் பிறந்த ஒலிதான். 'கேளா ஒலி' என்று அமையும் எதிர்ச்சொல்லிலும் இடைஞ்சல்: மனிதச் செவிக்கு எட்டாத அல்ட்ராசவுண்டை அப்படி ஏற்கெனவே சிலர் எழுதிவருகிறார்கள்.

ஆகவே ஒலியை விட்டுவிட்டு உலகத்துக்கு முதலில் பெயர் வைப்போம் என்பது என் கருத்து. பிரெஞ்சு அறிஞர் எத்தியேன் சூரியோ 1950களின் தொடக்கத்தில் 'டயஜெசிஸ்' என்ற சொல்லைத் திரைப்பட ஆய்வுக்குக் கொண்டுவந்தபோதும், கதை முன்வைக்கும் உலகத்தைத்தான் குறித்தார். 'டயஜெசிஸ்' என்பதற்குக் 'கதையுலகு' என்று வைத்தால் மற்றவை தாமாக அமைகின்றன. அந்த உலகில் பிறப்பது கதையுலக ஒலி. அதற்கு வெளியிலிருந்து நம் செவிக்கு மட்டும் வருவது கதைப்புற ஒலி. ஒலியோடு நிற்காமல் 'கதையுலகப் பொருள்', 'கதைப்புற எழுத்து' என்று மற்றவற்றுக்கும் நீட்டலாம். திரையில் தோன்றும் 'பத்து ஆண்டுகளுக்குப் பிறகு' என்ற வரி கதைப்புற எழுத்து. நாயகி படிக்கும் கடிதம் கதையுலகப் பொருள்.

'அபோகலிப்ஸ் நவ்' (1979) படத்தில் இதைப் பொருத்திப் பாருங்கள். கிராமத்தைத் தாக்க வரும் அமெரிக்க ஹெலிகாப்டர்களில் கட்டிய ஒலிபெருக்கிகளில் வாக்னரின் இசை முழங்குகிறது. சட்டென்று வியட்நாம் கிராமத்துக்குக் காட்சி மாறுகிறது: அமைதி, பள்ளிப் பிள்ளைகள். பிறகு தொலைவிலிருந்து அதே இசை மெல்ல நெருங்குகிறது. கேட்பவரின் இடத்துக்கு ஏற்ப ஒலி கூடுவதும் குறைவதும் அது கதையுலக ஒலி என்பதற்குச் சான்று. பின்னணி இசை செய்யும் வேலை முழுவதையும் அது செய்கிறது. ஆனால் அந்த மக்களுக்கு அது வந்துகொண்டிருக்கும் சாவின் சத்தம். அந்தக் காட்சியின் குரூரம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

டீக்கடை வானொலியில் கரகரப்பாகத் தொடங்கிய பாட்டு அடுத்த காட்சியில் முழு வாத்தியங்களோடு விரிவதைக் 'கடப்பொலி' எனலாம். ஓர் உலகிலிருந்து மற்றதற்குக் கடக்கிறது.

நம் திரைப்பாடலை எங்கே வைப்பது என்பதுதான் உண்மையில் கடினம். நாயகி மொட்டைமாடியில் பாடுகிறாள். நாயகன் அதைக் கேட்கிறான், பதில் பாடுகிறான். வயலின்கள் எங்கிருந்து வருகின்றன? பக்கத்து வீட்டுக்காரர் ஏன் எட்டிப் பார்ப்பதில்லை? இந்தப் பாடல் ஓர் உலகிலிருந்து மற்றதற்குக் கடப்பதில்லை, தொடக்கம் முதல் இரண்டிலும் நிற்கிறது. மேலை ஆய்வின் இரட்டைப் பிரிவு இதற்கு இடம் கொடுக்கவில்லை என்பதற்காக நம் பாடலைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. பிரிவைத்தான் விரிக்க வேண்டும். 'ஈருலக ஒலி' என்று ஒரு சொல்லை முன்வைக்கிறேன்.

கதையுலகு, கதையுலக ஒலி, கதைப்புற ஒலி, உள்ளொலி, கடப்பொலி ஆகிய ஐந்தையும் சொற்பட்டியலில் சேர்க்கலாம் என்று கருதுகிறேன். ஈருலக ஒலி மட்டும் இன்னும் விவாதத்தில் இருக்கட்டும். ஒலிக்கலவைக் கூடங்களில் பணிபுரியும் அன்பர்கள் குழுமத்தில் இருந்தால், வேலை நேரத்தில் இந்த வேறுபாட்டைத் தங்களுக்குள் எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று எழுதுங்கள். அங்கே ஏற்கெனவே ஒரு நல்ல சொல் புழங்குமானால் என் பரிந்துரையை விலக்கிக்கொண்டு அதையே ஏற்பேன்.

அன்புடன்.