புதுப்பிப்பு: வவுனிக்குளத்தில் கோடை விரால், எது சரிவந்தது

முல்லைத்தீவு வவுனிக்குளத்தில் ஆடி மாதம் விரால் பிடிக்க எந்தக் கரையில் நிற்பது, என்ன தூண்டில் கட்டுவது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி.

சரிவந்தது முள் வைத்த இறப்பர்த் தவளையும் 40 இறாத்தல் தாங்கும் பின்னல் நூலும்தான். தங்கூசி (ஒற்றை நைலோன் நூல்) இழுபடும், தாமரைத் தண்டுக்குள் ஓடின விராலை அதால் திருப்ப ஏலாது. கனடாவில் இருக்கிற அண்ணை, பைக் மீனுக்குக் கட்டுவதுபோல நுனியில் உருக்குக் கம்பி போடச் சொன்னார். பைக்கின் பல் நூலை அறுக்கும், அங்கே அது கட்டாயம். விராலுக்குத் தேவைப்படவில்லை. கம்பிப் பாரத்தில் தவளை மூக்குக் குத்தி இலையில் மாட்டுகிறது.

தவளையை இலைமேல் ஏற்றி, விளிம்பில் விழுத்தி, கொஞ்சம் சும்மா விடுங்கோ. தண்ணி ‘டொப்’ என்று வெடித்த உடனே இழுத்தால் வெறுந்தவளைதான் வரும். நூல் இறுகி ஓடத் தொடங்கினபிறகு வெட்டி இழுக்கவேணும்.

எதிர்பாராதது தண்ணி வற்றினது. சிறுபோக வயலுக்குத் தண்ணி திறந்துவிட்டதால் பழைய படங்களில் தெரிகிற தாமரைப் பற்றைகள் சேற்றில் கிடந்தன. போதாக்குறைக்குச் சோளகம், தென்மேற்குக் காற்று. வெயில் ஏறக் காற்றும் ஏறும். மரமுள்ள தென்மேற்குக் கரைதான் மறைப்பு.

செந்நிறக் குஞ்சுக்கூட்டம் மேலே கொப்பளித்தால் அங்கே எறியாதேங்கோ, தாய் தகப்பன் காவல் நிற்கும். வன்னிக் குளங்களில் முதலை உண்டு. முழங்கால் தண்ணிக்குள்ளும் இறங்கவேண்டாம். வலை படுத்திருக்கிற இடத்தை மீன்பிடிக்காரரிடம் முதலே கேளுங்கோ.