மறு: சங்கிலி நீட்சியா, கணுத்தேய்வா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

மிதிவண்டிப் பராமரிப்புக் கையேட்டின் சொற்பட்டியலில் 'செயின் ஸ்ட்ரெச்' என்பதற்கு நேரே 'சங்கிலி நீட்சி' என்று எழுதிவிடலாம் என நேற்று பலரும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆணியும் துளையும் சேரும் இணைப்பைக் கணு என்று கொண்டு, 'கணுத்தேய்வு' என்று எழுதலாம் என்பதே என் பரிந்துரை. சங்கிலியைத் துடைப்பது, எண்ணெய் விடுவது பற்றிய நம் அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

> சங்கிலி நாளாக ஆக நீள்கிறது. நீள்வதை நீட்சி என்பதில் என்ன பிழை?

நீளம் கூடுவது உண்மைதான் ஐயா. எது நீள்கிறது என்பதுதான் கேள்வி. ரப்பர் பட்டையை இழுத்தால் ரப்பரே நீள்கிறது. இயற்பியல் வகுப்பில் நீட்சி என்று நாம் படித்தது அதைத்தான். மிதிவண்டிச் சங்கிலியின் எஃகுத் தகடுகள் அப்படி இழுபடுவதில்லை. தகடுகளைக் கோத்திருக்கும் ஆணி, துளைக்குள் உராய்ந்து உராய்ந்து மெலிகிறது, துளை அகல்கிறது. ஆணிக்கும் துளைக்கும் இடையே விழும் அந்த இடைவெளிகள்தாம் கூடிக் கூடிச் சங்கிலியை நீளமாக்குகின்றன.

கணக்குப் போட்டால் தெளிவாகும். ஓர் ஆணியிலிருந்து அடுத்த ஆணி வரை அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். சாதாரணச் சங்கிலி ஒன்றில் 112 கண்ணிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு தேய்ந்தால் போதும், மொத்தச் சங்கிலி 14 மில்லிமீட்டர் நீண்டுவிடும். 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் தம் உருளைச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றபோது அவர் போராடியதும் இந்த இடத்தோடுதான். அதற்கு முந்தைய சங்கிலிகளில் சுமை ஆணியின் குறுகலான பகுதியில் மட்டும் விழுந்தது. ரெனால்ட் ஆணியைச் சுற்றிச் சிறு குழல் ஒன்றைப் பொருத்தி அந்தச் சுமையைப் பரப்பினார்.

நீட்சி என்ற சொல்லால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். என் கல்லூரி நாட்களில் கெட்டது. என் சைக்கிளின் சங்கிலி அடிக்கடி கழன்று விழுந்தது. பழுதுபார்த்தவர் முதலில் பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து முடுக்கினார். சில மாதங்களில் இழுக்க இடமில்லாமல் போனது. "செயின் நீண்டுவிட்டது" என்று சொல்லி இரண்டு கண்ணிகளை வெட்டி எடுத்துவிட்டு மீண்டும் கோத்தார். மொத்த நீளம் குறைந்தது, தொய்வு நின்றது. ஆனால் மிச்சமிருந்த ஒவ்வோர் இணைப்பும் தேய்ந்த நிலையிலேயே இருந்ததால், சங்கிலி பல்சக்கரப் பற்களின் அடியில் உட்காராமல் மேலேறி ஓடியது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பற்கள் சுறாமீனின் துடுப்பைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து கூர்மையாகிவிட்டன. புதுச் சங்கிலி வாங்கி மாட்டினேன். அது அந்தப் பற்களில் நிற்காமல் வழுக்கியது. கடைசியில் முன்பல்சக்கரம், பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீல் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று.

நீண்டுவிட்டது என்று சொன்னால் வெட்டத்தான் தோன்றும். தேய்ந்துவிட்டது என்று சொன்னால் யாரும் வெட்ட மாட்டார்கள். ஆங்கிலச் சொல்லே பிழையானது. அந்தப் பிழையை நாம் ஏன் தமிழுக்குள் பெயர்த்து வைக்க வேண்டும்?

> 'கணுத்தேய்வு' என்கிறீர்கள். மூங்கிலிலும் கரும்பிலும் கணு அசையாத இடமாயிற்றே?

நல்ல கேள்வி, இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். தாவரத்தில் கணு அசையாது, சரி. உடம்பில் அசைகிறதே. கணுக்கால் மடங்குகிறது, விரற்கணு மடங்குகிறது. நண்டையும் பூரானையும் பாடநூல்கள் கணுக்காலிகள் என்கின்றன. இணைப்பு இணைப்பாக மடங்கும் கால்கள் உடையவை என்ற பொருளில்தான். தரையில் கிடக்கும் சங்கிலியைக் கையில் எடுத்துப் பாருங்கள், பூரானின் முதுகு நினைவுக்கு வரும்.

'மூட்டுத் தேய்மானம்' என்ற பரிந்துரையும் வந்திருக்கிறது. கேட்டவுடன் புரிகிற சொல் அது, என் முதல் விருப்பமும் அதுவாகவே இருந்தது. ஆனால் இன்று அந்தச் சொல் முழங்கால் வலிக்கு நிலைத்துவிட்டது. இணையத்தில் தேடும் சைக்கிள்காரரை எலும்பு மருத்துவரிடம் கொண்டுபோய் விடும். தேய்மானம் என்பதும் கணக்குப்பதிவியலில் சொத்தின் மதிப்புக் குறைவதற்கு ஆளப்படுகிறது. ஆகவே தேய்வு. கணுக்கால் என்பதில் 'க்' மிகுவதைப் போலவே இங்கும் ஒற்று மிகும்: கணுத்தேய்வு.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எண்ணெய் விடும் பகுதியை எழுதிப் பார்த்தேன். விளக்கம் தானாக வந்து அமர்ந்தது.

"கணுத்தேய்வுக்கு முதற்காரணம், எண்ணெயில் ஒட்டிய தூசியும் மணலும் கணுவுக்குள் நுழைந்து அரைப்பதே. ஆகவே அழுக்கின் மேல் எண்ணெய் விடாதீர்கள். பழைய பல்துலக்கியை மண்ணெண்ணெயில் தோய்த்து, மிதியைப் பின்னோக்கிச் சுழற்றியபடி சங்கிலியின் நான்கு புறமும் தேயுங்கள். அருகில் நெருப்பு கூடாது. பிரேக் கட்டையிலும் சக்கர விளிம்பிலும் தெறிக்கக் கூடாது. துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் புது எண்ணெய் நீர்த்துப்போகும். பிறகு சங்கிலியின் கீழ்ப்பகுதியில், உட்புறமாக, ஒவ்வோர் உருளைக்கும் ஒரே ஒரு துளி. சிறிது நேரம் மிதியைச் சுழற்றி, எண்ணெய் கணுவுக்குள் இறங்கக் காத்திருந்து, வெளியே நிற்பதை முழுவதும் துடைத்துவிடுங்கள். வேலை கணுவுக்குள்தான். தகட்டின் மேல் மினுங்கும் எண்ணெய் தூசியை அழைப்பதற்கு மட்டுமே பயன்படும்."

அழுக்கு மண்ணெண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம், போத்தலில் தெளியவைத்து மேலாக இருப்பதை மறுபடி பயன்படுத்தலாம் என்றும் ஒரு வரி சேர்க்க வேண்டும். நல்லெண்ணெய் விடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அது நாளடைவில் பிசினாகிவிடும் என்பதையும் சொல்லிவிடலாம்.

அளக்கும் முறைக்கும் இந்தச் சொல் பொருந்துகிறது. ஓர் ஆணியின் நடுவில் அளவு நாடாவை வைத்து 24 கண்ணிகள் எண்ணுங்கள். புதுச் சங்கிலியில் சரியாக 12 அங்குலம், 304.8 மில்லிமீட்டர் வரும். 306.4 வந்தால் சங்கிலியை மாற்றும் நேரம். 308ஐத் தொட்டுவிட்டால் பற்சக்கரங்களும் பெரும்பாலும் போயிருக்கும். இதைக் 'கணுத்தேய்வு அரை விழுக்காடு', 'ஒரு விழுக்காடு' என்று எழுதலாம்.

மற்றொரு சொல்லையும் தொட்டுவிடுகிறேன். சங்கிலிக்கு விடும் எண்ணெயை 'மசகு எண்ணெய்' என்று எழுத வேண்டாம். இலங்கைச் செய்தித்தாள்களில் அது கச்சா எண்ணெயைக் குறிக்கிறது. யாழ்ப்பாணத்து வாசகர் குழம்புவார். உராய்வைக் குறைக்க எண்ணெய் இடுவதற்குப் பாடநூல்கள் சொல்லும் 'உயவு' நல்ல சொல்தான். ஆனால் வீட்டு வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டிருப்பவருக்கு 'எண்ணெய் விடுதல்' போதும். அங்கே புதுச்சொல் தேவையில்லை.

சொற்பட்டியலின் திருத்திய பக்கத்தை இன்றிரவு அனுப்புகிறேன். கணுவைவிடப் பொருத்தமான சொல் யாருடைய ஊரிலாவது, சைக்கிள் கடைகளில் ஏற்கெனவே புழங்கினால், வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் என்னுடையதை எடுத்துவிட்டு அதையே இடுவேன்.

அன்புடன்.